வாக்குச்சீட்டின் எல்லை: கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு விசாரணை

பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் வாக்காளருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒரே ஒரு வாக்குச்சீட்டு கிடைக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமானபோது, இந்நகரத்தார் தங்கள் சட்டமன்றப் பிரதிநிதிகளை இழந்தார்கள். மதிப்பீட்டு வரி வாங்குவதும், துன் சம்பந்தன் சாலைக் கடைகளுக்கு உரிமம் தருவதும், எந்த நிலத்தில் எத்தனை மாடி எழும்பலாம் என்று தீர்மானிப்பதும் மாநகர மன்றம். அதன் தலைவரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறவர். கிள்ளான் வாக்காளருக்கு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு சீட்டு உண்டு. ஆனால் அவர் வீட்டு வாசலில் ஓடும் வடிகாலையும் தெருவிளக்கையும் கவனிக்கும் ஊராட்சி மன்றத்தின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 2024 பிப்ரவரியில் அது அரச கிள்ளான் மாநகர மன்றமாக உயர்ந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

தேர்தலால் எதையும் மாற்ற முடியாது என்று சொல்லும் ஒரு சிந்தனை மரபை இந்த மண்ணில் வைத்துச் சோதிக்க விரும்புகிறவர்கள் முதலில் இந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

சுதந்திரவாதிகள் என்று அழைக்கப்படுவோர், தனிமனிதர் வாழ்வில் அரசின் கை குறைவாக நீள்வதே நல்லது என்று கருதுகிறவர்கள். அவர்களில் கணிசமானோர், அந்தக் கையைத் தேர்தல் வழியாகச் சுருக்க முடியாது என்றும் நினைக்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்தாளும் கருவிகள் பெரும்பாலும் பொருளியலாளர்கள் தந்தவை. கோடிக்கணக்கானோர் வாக்களிக்கும் இடத்தில் ஒருவருடைய வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. ஆகவே கொள்கைகளைப் படித்து ஆராய்வதில் நேரம் செலவிடாமல் இருப்பதே அவருக்குப் புத்திசாலித்தனம் என்றார் அந்தோணி டவுன்ஸ், 1957இல். அரசியல்வாதியும் அதிகாரியும் தேர்தல் முடிந்ததும் பொதுநலத்துக்கு மாறிவிடுவதில்லை, சந்தையில் இருப்பவரைப் போலவே தம் ஆதாயத்தைக் கணக்கிடுகிறார்கள் என்பதை ஜேம்ஸ் புக்கானனும் கோர்டன் டல்லக்கும் 1962இல் ஒரு முழு ஆய்வுமுறையாக ஆக்கினார்கள். பெரிய ஆதாயம் பெறும் சிறு குழு எளிதில் ஒன்றுகூடும், சிறு சிறு இழப்பாக அதைச் சுமக்கும் பெருங்கூட்டம் ஒன்றுகூடாது என்று மான்கூர் ஓல்சன் 1965இல் காட்டினார். இவர்கள் எல்லோருமே சுதந்திரவாதிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றைச் சேர்த்து வைத்தால், ஆளை மாற்றினாலும் ஆட்டம் மாறாது என்ற முடிவை எட்டுவது எளிது. அப்படியானால் என்ன செய்வது? வெளியேறு, உன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து சங்கம் அமை, அரசைத் தொடாமல் உன் வாழ்வை நீயே கட்டு என்பதுதான் அவர்கள் பதில்.

தமிழர்களுக்கு இந்த ஐயம் அந்நியமானதில்லை. 1959இல் சென்னையில் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி, காங்கிரஸின் அனுமதிச்சீட்டு ஆட்சிக்கு எதிராகத் தேர்தல் களத்தில் இறங்கியது. 1967இல் மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. 1974இல் வேறொரு கட்சியில் கரைந்தது. அது எதிர்த்த உரிம முறையை 1991இல் தளர்த்தியது அதே காங்கிரஸ்தான். அந்நியச் செலாவணி நெருக்கடி கழுத்தை நெரித்ததால் நடந்த மாற்றம் அது. கோலாலம்பூரிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 2010இல், நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பிறந்தநாளன்று தொடங்கப்பட்ட ஐடியாஸ் என்ற ஆய்வு நிறுவனம், சிறிய அரசையும் தடையற்ற சந்தையையும் முன்வைத்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரும் தலைமை நிர்வாகியுமான வான் சைபுல் வான் ஜான் 2018இல் கட்சி அரசியலுக்குள் போனார். ஆய்வறிக்கை எழுதி அரசை அசைக்கலாம் என்று நம்பியவர்களுக்கும் கடைசியில் வாக்குப்பெட்டிதான் வழியாகத் தெரிந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். மலேசியத் தமிழர்களின் அண்மைக்கால அரசியல், இந்த ஐயவாதிகள் தங்களுக்காகவே எழுதிவைத்தது போன்ற ஒரு வரலாறு.

2004 தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி 219 இடங்களில் 198ஐ வென்றது. மறுக்க முடியாத பெரும்பான்மை. அந்தப் பெரும்பான்மையின் காலத்தில்தான், 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள் இருக்கையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று, இந்து உரிமைப் போராட்ட அமைப்பான இண்ட்ராஃபின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் பேர் அம்பாங் சாலையிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கிக் கிளம்பினார்கள். கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. டிசம்பரில் அவ்வமைப்பின் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிக் கமுண்டிங் முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

2008 மார்ச் 8 அன்று தேசிய முன்னணி 140 இடங்களுக்கு இறங்கி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சிலாங்கூர் ஆட்சியே கைமாறியது. அக்கூட்டணியின் இந்தியர் கட்சியான மஇகாவின் தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். கமுண்டிங் முகாமுக்குள் இருந்தபடியே எம். மனோகரன் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்த இரவு கிள்ளானில் இருந்த மகிழ்ச்சியை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் ஐயவாதி அடுத்த பக்கங்களைப் புரட்டச் சொல்வார். அதே 2008இல் சிலாங்கூரின் காப்பார் தொகுதியில் 112,224 வாக்காளர்கள் இருந்தார்கள். நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் 6,608 பேர். இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர். காப்பாரில் 17 பேர் சேர்ந்து பெற்ற குரலைப் புத்ராஜெயாவில் ஓர் அரசு ஊழியர் தனியாகப் பெற்றார். 2013இல் எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு 50.87 விழுக்காட்டு வாக்கு, தேசிய முன்னணிக்கு 47.38. இடங்களோ 89க்கு 133. 2022இல் சிலாங்கூரின் பாங்கியில் 303,430 வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 28,290. மக்கள் நெருங்கி வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் வாக்கு மிக மலிவாக இருக்கிறது. நாட்டில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர்கள் பெரும்பான்மையாக இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பல இடங்களில் வெற்றியைத் தீர்மானிக்கும் வாக்கு நம்முடையது. நமக்கென்று சொல்லிக்கொள்ள ஓர் இடமும் இல்லை.

வென்ற பிறகு நடந்ததும் உண்டு. 2013 ஏப்ரல் 18 அன்று இண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தி, தாம் எதிர்த்த அதே தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் செய்தார். துணையமைச்சராகி, பத்து மாதங்களுக்குள் பதவி விலகினார். 2018 தொடக்கத்தில் முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீரை எதிர்க்கட்சிகளின் நம்பிக்கைக் கூட்டணி பிரதமர் வேட்பாளராக அறிவித்தபோது, இளைஞர்கள் சிலர் வாக்கைச் செல்லாததாக்குவோம் என்று இயக்கம் நடத்தினார்கள். இரண்டு பக்கமும் ஒரே பழைய முகம் என்பது அவர்கள் வாதம். கூட்டணி வென்றது. 2020 பிப்ரவரி 23 அன்று பெட்டாலிங் ஜெயாவின் ஷெரட்டன் ஹோட்டலில் கூடியவர்கள் அந்த ஆட்சியைக் கவிழ்க்க வழி செய்தார்கள். மறுநாள் மகாதீர் விலகினார். மார்ச் 1 அன்று முஹிடின் பிரதமர். ஒரு வாக்கும் எண்ணப்படாமல் அரசு மாறியது. 2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அது தனி உறுப்பினரைக் கட்டுப்படுத்துமே தவிர, ஒரு கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறுவதைத் தடுக்காது. அடுத்த மாதத் தேர்தலுக்குப் பிறகு, தேசிய முன்னணியை எதிர்த்து 2008 முதல் வாக்களித்து வந்தவர்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த கட்சிகளின் பக்கத்திலேயே அது அமர்ந்திருப்பதைக் கண்டார்கள்.

இவ்வளவும் உண்மை. இருந்தும் இதிலிருந்து வாக்கு வீண் என்ற முடிவுக்குப் போவதை நான் ஏற்கவில்லை.

வாக்குச்சீட்டிடம் அது செய்ய முடியாததைக் கேட்கிறோம். நாம் விரும்பிய கொள்கையை அது கொண்டுவரும் என்று எதிர்பார்க்கிறோம். ஆட்சியாளரை இரத்தம் சிந்தாமல் இறக்க முடிவதே மக்களாட்சியின் தலையாய பயன் என்று மெய்யியலாளர் கார்ல் பாப்பர் வாதிட்டார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். 2008இல் அரசு வாங்கிய அடி இல்லாவிட்டால், 2009 மே மாதத்துக்குள் இண்ட்ராஃப் தலைவர்கள் அனைவரும் கமுண்டிங்கிலிருந்து வெளியே வந்திருப்பார்களா? 1960 முதல் இருந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 2012இல் நீக்கியது பிரதமர் நஜிப்பின் அரசு. தோல்வியின் விளிம்பைப் பார்த்த அரசு என்பதால்தான் அது நடந்தது என்பது என் துணிபு. 2015 ஏப்ரல் முதல் 6 விழுக்காடாக வாங்கப்பட்ட பொருள் சேவை வரி, 2018 தேர்தல் முடிந்து மூன்று வாரத்தில், ஜூன் 1 அன்று பூஜ்யமானது. வரியை வெறுக்கும் சுதந்திரவாதி இதையாவது கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது என்பதும் கணக்கில் சேரட்டும். நஜிப் ஊழல் வழக்கில் தண்டனை பெற்று 2022 ஆகஸ்ட் 23 அன்று காஜாங் சிறைக்குப் போனார். ஆட்சி மாறாமல் அந்த வழக்கு நீதிமன்றப் படி ஏறியிருக்காது. அவருடைய 12 ஆண்டுத் தண்டனை 2024இல் மன்னிப்பு வாரியத்தால் பாதியாகக் குறைக்கப்பட்டது. வாக்கு திறந்துவிடும் கதவை வாக்கே காவல்காக்க முடியாது.

ஐயவாதிகளின் மாற்று வழிக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் செழுமையான பகுதி இதுதான், ஏனென்றால் வாக்குரிமை வருவதற்கு முன்பே நம் முன்னோர் அந்த வழியில் நடந்திருக்கிறார்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வாக்கு என்ற ஒன்றே கிடையாது. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் இருந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் முறையான மருத்துவமும் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கூலி கொஞ்சம் உயர்ந்தது. மே மாதம் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இந்தியத் துருப்புகளே இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராக இறக்கப்பட்டன. ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். தன்னார்வமாக ஒன்றுசேர்ந்த மனிதர்கள், அரசின் உதவி ஏதுமின்றி, சந்தையில் தங்கள் உழைப்பின் விலையைப் பேச முயன்றார்கள். சுதந்திரவாதம் பரிந்துரைக்கும் வழி இதைவிடத் தூய்மையாக இருக்க முடியாது. அதை நசுக்கியது பொறுப்புக்கூற வேண்டியிராத ஓர் அரசு. அந்த அரசைத் தண்டிக்க ஒரு தேர்தலும் இல்லை என்பதை ஐயவாதிகள் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு அவர்களுக்குச் சாதகமானது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. சட்டமன்றத் தீர்மானமோ மானியமோ அல்ல, கூலியில் மிச்சம் பிடித்த பத்து வெள்ளிதான் அதன் முதல். மலேசியத் தமிழர்கள் தங்கள் பொருளாதாரத்துக்காகச் செய்ததிலேயே உயர்ந்த காரியம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம். 1980களில் மஇகா முன்னின்று ஏறத்தாழ 66,000 இந்தியர்களிடம் 10 கோடிக்கும் மேற்பட்ட ரிங்கிட் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. 1990இல் அரசு ஒதுக்கிய ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் பத்து இலட்சம்தான் மைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. பங்குதாரர்கள் ஆண்டுக்கணக்கில் ஆதாயம் இன்றிக் காத்திருந்தார்கள். அரசியல் வழியாகப் பகிரப்படும் செல்வம் அரசியல் செல்வாக்கு உள்ளவரிடமே தங்கும் என்று புக்கானன் சொன்னதற்கு இதைவிட உறுதியான சான்று நம் சமூகத்தில் இல்லை.

ஆனால் சம்பந்தன் அமைச்சராக இருந்தார் என்பதை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் கதையைச் சொல்ல முடியாது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசும் செல்வாக்கும், தொழிலாளிகளின் நம்பிக்கையும் அவருக்குக் கட்சி வழியாகக் கிடைத்தவை. சங்கமும் அரசியலும் இரண்டு தனிப் பாதைகள் என்று கோடு போட்டால், அந்தக் கோட்டின்மேல் நிற்கிறார் சம்பந்தன்.

வெளியேறுவது இன்னும் சிக்கலானது. பிடிக்காத ஆட்சியை விட்டுக் கால்நடையாகப் போய்விடுவதே உண்மையான வாக்கு என்று இலியா சோமின் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளிகள் கப்பலேறினார்கள். பிறந்த மண்ணாக எண்ணியிருந்த இடத்தைவிட்டு அவர்கள் போனது தேர்வா? பாஸ்போர்ட்டும் பட்டமும் உள்ளவருக்குச் சிங்கப்பூரும் மெல்பர்னும் திறந்திருக்கும். குடியுரிமை இல்லாமல் அடையாள அட்டை சிவப்பாக இருப்பவருக்குப் பக்கத்து நாட்டுக்குப் போவதே பெரும்பாடு.

வாக்கைவிடச் சொத்துரிமையே எளியவரைக் காக்கும் என்பது சுதந்திரவாதிகளின் இன்னொரு வாதம். கொள்கையளவில் எனக்கு அதில் பெரிய மறுப்பில்லை. ஆனால் நம்மவர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்துக்கும், அங்கே எழுப்பிய கோவிலுக்கும் பட்டா எழுதிக்கொள்ளவில்லை. எழுதித்தரும் நிலையில் யாரும் இல்லை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நூறாண்டுக்கும் மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலத்தை, மாநகர மன்றம் 2014இல் ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்றது. அங்கே பள்ளிவாசல் கட்டத் திட்டமிட்ட நிறுவனத்தின் கையில் பத்திரம் இருந்தது. ஆலயத்தின் கையில் வழிபாட்டின் வயது மட்டுமே இருந்தது. 2025 மார்ச்சில் பெரும் வாக்குவாதத்துக்குப் பிறகு, சற்றுத் தள்ளி வேறிடத்துக்கு மாற நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பத்திரத்தை மதிப்பதா, பயன்பாட்டின் வயதை மதிப்பதா என்று சுதந்திரவாதிகளுக்குள்ளேயே முடிவில்லாத விவாதம் உண்டு. என் கேள்வி வேறு. அந்த நிலத்தை விற்கலாம் என்று 2014இல் தீர்மானித்தவர்களில், கோலாலம்பூர் மக்கள் வாக்களித்து அமர்த்தியவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை.

ஐயவாதிகளின் குற்றப்பட்டியலில் பாதி, மக்களாட்சியின் மேல் சுமத்த வேண்டியதே அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். டவுன்ஸின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடிப் பேர் நடுவில் என் வாக்கு கரைந்துபோகும், விவரம் தேடி எனக்குப் பயனில்லை. ஒரு வட்டாரத்தின் சில ஆயிரம் பேர் நடுவில் அது அவ்வளவாகக் கரையாது. வடிகால் அடைத்திருக்கிறதா, சந்தை எங்கே மாறப்போகிறது, கோவில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரங்கள் அங்கே தேடாமலே கண்முன் நிற்கும். அறியாமை மிகக் குறைவாக இருக்கக்கூடிய அந்தப் படியைத்தான் இந்நாடு எடுத்துவிட்டது.

எடுத்த வரலாறு அறியத்தக்கது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவின் சிலாங்கூர் கிளையும் கைகோத்து, 12 இடங்களில் 9ஐ வென்றன. பின்னாளில் நாட்டை அறுபதாண்டுக்கும் மேல் ஆண்ட கூட்டணியின் வித்து அங்கே விழுந்தது. அந்தக் கூட்டணியின் ஆட்சியிலேயே, 1960களின் தொடக்கத்தில், தலைநகரின் நகராட்சித் தேர்தல் முடிவுக்கு வந்தது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பல நகர மன்றங்கள் எதிர்க்கட்சிகளின் கையில் இருந்த காலம் அது. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன், ஒரு தமிழர். அவருடைய ஆணையம் 1968இல் தந்த அறிக்கை, தேர்தலை மீட்டுத் தரச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2008இல் பினாங்கில் ஆட்சிக்கு வந்தவர்கள் அதை மீட்க முயன்றார்கள். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தது. 2018இல் அமைச்சர் ஒருவர் மீட்போம் என்று சொன்னார். அவ்வாண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இனப் பூசல் வரும் என்று சொல்லி மறுத்தார்.

அந்த அச்சத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. சீனர் மிகுந்த நகரங்களும் மலாய்க்காரர் மிகுந்த புறநகரங்களும் உள்ள நாட்டில், நகர மன்றம் இன அரங்காக மாறலாம். கிள்ளானில் தமிழர்கள் எந்த வட்டாரத்திலும் தனித்து வெல்லாமல் போகலாம். ஓல்சன் சொன்ன சிறு குழுக்கள், நிலம் வாங்கி விற்பவர்கள், நகர மன்றத் தேர்தலுக்கும் பணம் இறைப்பார்கள். எந்தத் தேர்தலும் இவற்றை ஒழித்துவிடாது. ஆனால் நியமன முறையில் இவை ஏற்கெனவே நடக்கின்றன, கட்சிக் கோட்டாவாக, கதவுக்குப் பின்னால்.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தர் ஆசிரம வளாகத்தில் 2014இல் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் தெரியவந்தபோது, மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், கூடிப் பேசினார்கள், அமைச்சரை அணுகினார்கள். அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒரு சமூகம் தன் கையால் செய்த காரியம் அது. அதே மக்களுக்கு, திட்டம் மாநகர மன்றத்தின் மேசைக்கு வரும்போதே கேள்வி கேட்க ஒரு பிரதிநிதி இருந்திருந்தால், இவ்வளவு பெரிய கிளர்ச்சி தேவைப்பட்டிருக்காது.

கிள்ளானுக்கு அந்தப் பிரதிநிதியைத் தர 1976 ஊராட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். கோலாலம்பூருக்குத் தர 1960 கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இரண்டும் சாதாரணச் சட்டங்கள். நாடாளுமன்றத்தில் எளிய பெரும்பான்மை போதும். 2022 இறுதியில் அமைந்த அரசுக்கு 222 பேரில் 148 பேரின் ஆதரவு இருந்தது. அரசியல் சாசனத்தையே திருத்தப் போதுமான எண்ணிக்கை அது.